‘எங்கள் தெருவுக்கு 400 வயது’ என்பதை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி இதுதான்: காவிரிப் படுகையில் ஒரு சிறு நகரம். கோயிலை ஒட்டி ஒரு பழைய குடியிருப்புத் தெரு. ‘நாயக்கர் காலத்துத் தெரு, 400 வருஷம் இருக்கும்’ என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா, எந்த ஆபீசில் எந்தப் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் வயது ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் தெரு என்று நாம் சொல்வதற்குள் வெவ்வேறு வயதுள்ள பல சங்கதிகள் இருக்கின்றன. அந்த இடத்தில் மனிதர்கள் குடியேறிய காலம் ஒன்று. தெருவின் கோடு விழுந்த காலம் இன்னொன்று. மனைகள் இன்றைய அளவில் பிரிந்தது, இப்போது நிற்கும் வீடு கட்டப்பட்டது, தெருப்பெயர் வழக்குக்கு வந்தது, இப்போதைய குடும்பங்கள் வந்து சேர்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலம். இவை ஒரே ஆண்டில் நிகழ்ந்த தெருக்கள் மிகக் குறைவு. ‘400’ என்பது இவற்றில் எதற்கு என்று முதலில் பிரித்துக்கொண்டால்தான் தேடல் நகரும். இல்லாவிட்டால் கோயிலின் வயதைத் தெருவுக்கும், தெருவின் வயதை வீட்டுக்கும், வீட்டின் வயதைக் குடும்பத்துக்கும் தூக்கிக் கொடுத்துவிடுவோம். உள்ளூர் வரலாற்றுப் பிரசுரங்களில் பாதிக்குமேல் நடப்பது இதுதான்.

கல்வெட்டிலிருந்து தொடங்காதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலே நல்ல உதாரணம். 1010இல் முடிந்த அந்தக் கோயிலின் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் ஆடல்பாடலுக்கு அமர்த்திய பெண்கள்) 400 பேருக்கு வீடு ஒதுக்கிய விவரம் இருக்கிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு (சிறகு என்றால் தெருவின் ஒரு பக்க வீட்டு வரிசை), தலைவீடு, இரண்டாம் வீடு என்று கதவு எண் போட்டதுபோல வரிசையாகப் போகும். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தெருவுக்கு இவ்வளவு நுணுக்கமான பதிவு உலகத்திலேயே அபூர்வம். ஆனாலும் அந்தச் சிறகுகளை இன்றைய தஞ்சாவூர்த் தெருக்களோடு வீட்டுக்கு வீடு பொருத்த முடியாது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் படையெடுப்பில் நகரம் அழிந்தது. இன்று ராஜ வீதிகள் என்று நாம் நடக்கும் நான்கு வீதிகளும் அவற்றைச் சுற்றிய கோட்டையும் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய நாயக்கர் ஆட்சியின் அமைப்பு. மராட்டியர் அதன்மேல் சேர்த்தார்கள். ஆகவே உங்கள் கோயிலில் சோழர் கல்வெட்டு இருந்தால் அந்த ஊர் அப்போது இருந்தது என்பது உறுதி, அவ்வளவுதான். தெரு அதே இடத்தில் அதே கோட்டில் இருந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

சரியான வழி, இன்றிலிருந்து பின்னோக்கிப் போவது. கையில் எடுக்க வேண்டிய முதல் பதிவு நகர நிலஅளவைப் பதிவேடு. நகராட்சி எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு மனைக்கும் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று மூன்று அடையாளம் உண்டு. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே பரப்பு, உரிமையாளர் பெயர், நகராட்சிக் கதவு எண், இவற்றோடு பழைய சர்வே எண்ணும் இருக்கும். அந்தப் பழைய எண் கட்டம்தான் உங்களுக்கு முக்கியம், 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளுக்குள் நுழையும் கதவு அது. தெருவின் இரு பக்கத்துக்கும் நகல் வாங்கி, அதே பிளாக்கின் வரைபடத்தையும் கேளுங்கள். தெரு ஒரு காலத்தில் கிராம நத்தமாக, அதாவது குடியிருப்புக்கு விட்ட நிலமாக இருந்து பிறகு நகராட்சியில் சேர்ந்திருந்தால் ஒரு சிக்கல் வரும்: பழைய கிராமக் கணக்கில் நத்தம் முழுவதும் ஒரே சர்வே எண்ணில் ‘கிராம நத்தம்’ என்று அடைக்கப்பட்டிருக்கும், வீடு வீடாக எதுவும் இராது. நத்தத்தை வீட்டுவாரியாக அளந்தது பெரும்பாலும் 1980களின் இறுதிக்குப் பிறகு வந்த நத்தம் நிலவரித் திட்டத்தில்தான். அதனால் ‘செட்டில்மெண்ட் பதிவேட்டில் (பழைய நிலவரிக் கணக்கு) எங்கள் வீடே இல்லை, அப்போது வீடு கிடையாது போல’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வரி விதிக்கும் நிலத்தைத்தான் அந்தப் பதிவேடு எண்ணியது, குடியிருப்பை அல்ல.

அடுத்தது பத்திரப்பதிவு. வீட்டுவாரி வரலாற்றுக்கு இதைவிட நல்ல மூலம் கிடையாது என்பது என் கருத்து. நம் மாநிலத்தில் முறையான பதிவு 1865இல் தொடங்குகிறது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதலாம் புத்தகத்தில் ஏறும், அந்தப் புத்தகம் நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட வேண்டியது. அதற்கு இரண்டு அட்டவணைகள்: ஒன்று எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்வாரி, மற்றொன்று சொத்துவாரி. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி உரிய கட்டணம் செலுத்தும் எவரும் முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் பார்வையிடவும் நகல் பெறவும் கேட்கலாம். சொத்துக்கு உரிமையாளராக இருக்கத் தேவையில்லை. உயில்கள் ஏறும் மூன்றாம் புத்தகமும், மற்றவை ஏறும் நான்காம் புத்தகமும் அப்படி எல்லோருக்கும் திறந்தவை அல்ல. இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 வரைதான் பின்னே போகும். அதற்கு முந்தையதற்கு நேரில் மனுப் போட வேண்டும். போகும்முன் 1890இல், 1920இல் உங்கள் தெரு எந்தச் சார்பதிவகத்தின் எல்லைக்குள் இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அலுவலகங்கள் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன. இன்று பக்கத்தில் இருக்கும் அலுவலகத்தில் கேட்டு ‘பதிவு இல்லை’ என்று பதில் வாங்கித் திரும்புகிறவர்கள் ஏராளம். புத்தகம் பழைய தாய் அலுவலகத்தில் இருக்கும்.

இதைவிடச் சுலபமான தொடக்கம் ஒன்று உண்டு: தெருவில் உள்ள வீடுகளின் தாய்ப்பத்திரங்கள். பத்து வீட்டுக்காரர்கள் பீரோவைத் திறந்தால் போதும், தெருவின் நூறாண்டு வந்துவிடும். பழைய பத்திரத்தில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, சொத்து கைக்கு வந்த விதம் சொல்லும் பகுதி: ‘என் தகப்பனார் இன்ன வருஷம் இன்னாரிடம் கிரயம் பெற்று’ என்று வரும். அது உங்களை முந்தைய பத்திரத்துக்குக் கொண்டுபோகும். இரண்டாவது செக்குபந்தி, அதாவது நாற்புற எல்லை. ‘இன்னார் வீட்டுக்கு மேற்கு, தெருவுக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று எழுதும்போது ஒரு வீட்டின் பத்திரம் பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்களையும் அந்த ஆண்டில் சாட்சியாக நிறுத்திவிடுகிறது. தெருவின் ஒரு சிறகில் மூன்று வீட்டுக்கு ஒன்றாகப் பத்திரம் கிடைத்தால் ஏறக்குறைய சிறகு முழுவதையும் அந்தக் காலத்துக்கு நிரப்பிவிடலாம். மூன்றாவது, சொத்து விவரம்: ‘ஓட்டு வில்லை வீடு’, ‘கூரை வீடு’, ‘காலி மனை’, ‘மச்சு வீடு’ என்ற ஒற்றைச் சொல். 1905இல் காலி மனை, 1931இல் மச்சு வீடு என்றால் கட்டடத்தின் வயது 26 ஆண்டு இடைவெளிக்குள் அடங்கிவிட்டது. இத்தனை துல்லியம் வேறெதிலும் கிடைக்காது.

இங்கே வழுக்கும் இடங்கள் உண்டு. நம் பக்கம் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். ‘சுப்பையா மகன் ராமசாமி’ 1880இல் வருவார், 1940இலும் வருவார். இடையில் ‘ராமசாமி மகன் சுப்பையா’ ஒருவர் இருப்பார். மூவரையும் ஒருவராக்கி 60 ஆண்டைத் தொலைத்துவிடுவது சர்வ சாதாரணம். கையெழுத்தையும் எல்லையையும் ஒப்பிடாமல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அடுத்து, 100 ரூபாய்க்குக் குறைந்த சொத்துக் கிரயத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. அனுபவத்தை ஒப்படைத்தாலே போதும். 19ஆம் நூற்றாண்டில் சிறு மனைகளின் விலை அந்த வரம்புக்குள் அடங்கிவிடும் என்பதால் எளிய மக்களின் தெருக்களில் பதிவு இடைவெளி அதிகம். பத்திரம் இல்லாததால் அந்தத் தெரு புதியது என்று எழுதுவது அநியாயம். ஒரே தெருவில் நூறாண்டுக்குக் கைமாறாமல் பாகப்பிரிவினை மட்டுமே வாய்மொழியாக நடந்த வீடுகளுக்கும் இதே நிலைதான்.

கோயிலை ஒட்டிய தெரு என்று சொல்லியிருப்பதால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அத்தகைய தெருக்கள் பலவற்றில் அடிமனை கோயிலுக்குச் சொந்தம். குடியிருப்பவருக்கு மேலுள்ள கட்டடம் மட்டும். அப்படியானால் பத்திரத்தில் மண்ணின் வரலாறு இருக்காது. கோயிலின் மனை வாடகைப் பதிவேட்டில் இருக்கும். 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 29ஆம் பிரிவு ஒவ்வொரு கோயிலும் தன் சொத்துகளுக்குப் பதிவேடு தயாரித்து வைக்க வேண்டும் என்கிறது. அலுவலகத்தில் அதைக் கேளுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை: அடிமனை வாடகை பல ஊர்களில் வழக்காக ஓடிக்கொண்டிருக்கும் விஷயம். பதிவேட்டைக் கேட்கப் போகிறவரை வழக்குக்காரராகவே பார்ப்பார்கள், அக்கம்பக்கமும் சந்தேகப்படும். வரலாற்றுக்காகத்தான் என்று எழுத்தில் கொடுத்துவிட்டுக் கேட்பது நல்லது.

1865க்கு முன்னே போக வேண்டுமானால் ‘அப்போது இந்த மண்ணை ஆண்டது யார்’ என்பதே முதல் கேள்வி. ஆவணம் எங்கே தூங்குகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. தஞ்சாவூரையே எடுத்துக்கொண்டால், 1799 உடன்படிக்கைக்குப் பிறகு நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது; மராட்டிய மன்னர் சரபோஜியிடம் கோட்டையும் அதைச் சுற்றிய கொஞ்ச இடமும் மட்டும் மிஞ்சின. 1855இல் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்ததும் அதுவும் போயிற்று. ஆகவே கோட்டைக்கு வெளியே உள்ள தெருவுக்கு 1799 முதலே கலெக்டர் ஆவணங்களில் தடம் கிடைக்கலாம். கோட்டைக்குள் இருக்கும் தெருவுக்கு 1855 வரை கம்பெனிக் கணக்கில் தேடுவது வீண். அது அரண்மனைக் கணக்கு, மராத்தி மொழியில், மோடி என்ற பழைய கூட்டெழுத்தில் இருக்கும். சரசுவதி மகால் நூலகத்தில் அந்தக் கட்டுகள் உண்டு, தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டும் இருக்கிறது. ஒரே ஊர், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மொழி, அந்தப் பக்கம் ஒரு மொழி.

பிற ஊர்க்காரர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தனி சமஸ்தானம்; அங்கே ராஜ வீதி, இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண்ணிட்டுப் போகும் சதுரக் கட்டம் சமஸ்தான நிர்வாகம் போட்ட திட்டம், அதன் தடயம் சமஸ்தான ஆவணங்களில்தான். நாகர்கோவில் பக்கம் 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. பதிவுகள் கொல்லம் ஆண்டில், பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். காரைக்குடி பக்கம் சிவகங்கை ஜமீன். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசின் ரயத்துவாரி (உழவரிடமே நேராக வரி வாங்கும் முறை) அளவையே அங்கே நுழைகிறது, அதற்கு முன் ஜமீன் கணக்கு. தரங்கம்பாடி 1845 வரை டென்மார்க்கின் வசம் இருந்ததால் அதன் தெருக்களின் பழைய கணக்கு கோபன்ஹேகனில் கிடக்கிறது.

காவிரிப் படுகையில் அக்கிரகாரமாகவோ, ஏதாவது ஊழியத்துக்கு விடப்பட்ட மானியமாகவோ தொடங்கிய தெரு என்றால் இனாம் பதிவேட்டைக் கட்டாயம் பாருங்கள். 1858இல் அமைந்த இனாம் கமிஷன், ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து எழுதியது அது. பெரும்பகுதி 1860களைச் சேர்ந்தது, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. யார் கொடுத்தது, எந்த ஆண்டு, முதலில் வாங்கியவர் யார், அப்போது அனுபவித்தவர் யார், அவர் வயது என்ன என்றெல்லாம் கட்டங்கள் உண்டு. ‘மகாராஜா துளஜாஜி கொடுத்தது’ என்பது போன்ற ஒரு வரி கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். ஆனால் அந்த வரியை எடை போட்டுப் படிக்க வேண்டும். 50 ஆண்டு தொடர்ந்த அனுபவம் இருந்தாலே மானியத்தை உறுதி செய்யலாம் என்பது கமிஷனின் விதி. ஆகவே மானியதாரருக்கு 50 ஆண்டைத் தாண்டி நிரூபிக்க அவசியமும் இல்லை, பழைய ராஜா பெயரைச் சொல்வதில் நஷ்டமும் இல்லை. செப்பேடோ சனதோ (அரசு கொடுத்த உரிமைப் பத்திரம்) காட்டினார் என்று குறிப்பு இருந்தால் வலுவான சாட்சி. வாய்மொழியாகச் சொன்னார் என்றால் அது 1860களில் அந்தக் குடும்பம் நம்பிய கதை. அந்த அளவில் அதற்கும் மதிப்பு உண்டு. மேலும் இனாம் பதிவேடு நிலத்துக்கானது. தெருவையும் வீடுகளையும் அது வர்ணிக்காது.

ஆண்டுக் கணக்கில் கவனம் தவறினால் எல்லாம் சரிந்துவிடும். பசலியோடு (பழைய வருவாய்க் கணக்கு ஆண்டு) 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். ஜூலையில் தொடங்குவதால் பசலி 1270 என்பது 1860-61. சக ஆண்டுக்கு 78 கூட்ட வேண்டும், கலியாண்டில் 3101 கழிக்க வேண்டும். கொல்லம் ஆண்டுக்கு ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரிக்குப் பின் 825. இவையெல்லாம் கணக்கு, போட்டால் வந்துவிடும். உண்மையான கண்ணி 60 ஆண்டுச் சுழற்சிதான். வீட்டு நிலைக்கதவிலோ மண்டபத் தூணிலோ ‘விக்கிரம வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருந்தால் அது 1881ஆகவும் இருக்கலாம், 1941ஆகவும் இருக்கலாம், 1821ஆகவும் இருக்கலாம். கிழமை, தேதி, நட்சத்திரம் மூன்றும் சேர்ந்து பொறிக்கப்பட்டிருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்துவிடலாம். மாதம் மட்டும் இருந்தால் மூன்றையும் எழுதிவைத்துவிட்டு வேறு சான்று வரக் காத்திருங்கள். பழமையான ஆண்டையே எடுத்துக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும்.

அளவுகளிலும் இதேபோல ஒரு தடுமாற்றம். தஞ்சைப் பக்கம் 12 அடிக் கோலால் அளந்த குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர். பிற பகுதிகளில் கோலின் நீளம் மாறும், குழியும் மாறும். ஊரின் கோலைத் தெரிந்துகொள்ளாமல் பழைய குழியைச் சதுர அடியாக்கினால் மனை பெருத்துவிடும், அல்லது சுருங்கிவிடும்.

இனி ஆவணமே இல்லாத காலத்துக்குத் தெருவின் வடிவம்தான் சாட்சி. முன்னே வாங்கிய பிளாக் வரைபடத்தை விரித்து ஒவ்வொரு மனையின் முகப்பு அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினையில் பிளந்த மனைகளை, பொதுச்சுவரையும் உட்பிரிவு எண்ணையும் வைத்து மறுபடி ஒட்டுங்கள்: 11 அடியும் 11 அடியும் பக்கம் பக்கமாக, ஒரே எண்ணின் இரண்டு உட்பிரிவுகளாக இருந்தால் அது ஒரு காலத்தில் 22 அடி மனை. இப்படி ஒட்டியபின் ஒரே அகலம் திரும்பத் திரும்ப வந்து, கொல்லைப்புற எல்லையும் ஒரே கோட்டில் ஓடினால் அந்தத் தெருவை யாரோ ஒருவர் ஒரே மூச்சில் அளந்து கொடுத்திருக்கிறார் என்று பொருள். அக்கிரகாரங்களும் சில நெசவாளர் தெருக்களும் இப்படி வரும். அகலங்கள் கன்னாபின்னாவென்று இருந்து, கொல்லை எல்லை வளைந்து வளைந்து போய், தெரு நடுவில் காரணமில்லாமல் ஒடிந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த தெரு. வளைவு பழைய வாய்க்காலையோ கோட்டைச் சுவரையோ ஒட்டிப் போகிறதா என்றும் பாருங்கள். தஞ்சையில் கீழ அலங்கம், மேல அலங்கம் என்ற தெருக்கள் மதிலின் உட்புறத்தை ஒட்டியே ஓடுவது கண்ணுக்குத் தெரியும். வடிவத்திலிருந்து கிடைப்பது முன்பின் வரிசை மட்டும்; எது முதலில், எது பிறகு என்று சொல்லும், ஆண்டு சொல்லாது.

பழைய வரைபடங்களிடமிருந்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற பழைய சர்வே ஆஃப் இந்தியா தாளில் 20 அடித் தெரு பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் வரும், அதாவது தெரியவே தெரியாது. ஊர் எதுவரை பரவியிருந்தது என்பதற்கு மட்டும் அது உதவும். அதைவிடப் பயன்படக்கூடியது அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளான கொரோனா எடுத்த படங்கள். 1995இல் பொதுவுக்கு வந்தவை. 1967 முதல் 1972 வரை எடுத்த சிறந்த படங்களில் இரண்டு மீட்டருக்கும் குறைந்த பொருள்கூடத் தெரியும். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் ஏற்கெனவே ஸ்கேன் செய்தவற்றை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தெருவுக்குப் பின்னால் இருந்த குளம் எப்போது மனையானது என்பதை இதில் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

வீட்டைப் பார்த்து வயது சொல்வதில்தான் அதிகப் பொய் உலவுகிறது. விதி எளிது: ஒரு பொருள் எந்த ஆண்டுக்கு முன் இருந்திருக்கவே முடியாது என்று மட்டும் சொல்லும், அந்த ஆண்டில்தான் வந்தது என்று சொல்லாது. மங்களூர் ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அந்த ஓட்டின் அடிப்பக்கம் ‘1865’ என்றே அச்சு இருக்கும். அல்புகர்க் ஓட்டில் ‘1868’. அவை கம்பெனி தொடங்கிய ஆண்டுகள். ஓடு சுட்ட ஆண்டு என்று நினைத்து ‘எங்கள் வீடு 1865இல் கட்டியது’ என்று பலகை வைத்தவர்கள் உண்டு. முதல் உலகப் போரில் பாசல் மிஷனின் தொழில்கள் பறிமுதலாகி காமன்வெல்த் டிரஸ்டிடம் போயின. ஆகவே அந்தப் பெயர் பொறித்த ஓடு போருக்குப் பிந்தையது. அதுவும் கூரையின் வயதுதான். நாட்டு ஓட்டை இறக்கிவிட்டு மங்களூர் ஓடு ஏற்றிய வீடுகள் எண்ணற்றவை. இரும்பு உத்தரத்தில் ‘டாடா’ என்று இருந்தால் 1912க்குப் பிந்தையது, ஏனென்றால் ஜம்ஷெட்பூரில் எஃகு வார்க்கத் தொடங்கியதே அந்த ஆண்டில். ‘டார்மன் லாங்’ என்று இருந்தால் இங்கிலாந்து இறக்குமதி. அந்தக் கம்பெனி 1875இல் தொடங்கியது.

செங்கல்லை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மெல்லிய பட்டைச் செங்கல் கண்டவுடன் ‘நாயக்கர் காலம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அதே வகை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்தது. மெட்ராஸ் டெரஸ் தளத்துக்கு அப்போதும் சிறு செங்கல்தான் போட்டார்கள். தேக்குத் தூணும் நிலையும் இடித்த வீட்டிலிருந்து வாங்கிப் பொருத்துவது அன்றும் இன்றும் உண்டு, மரத்தின் பழமை வீட்டின் பழமை ஆகாது. தெரு மட்டத்துக்குக் கீழே இறங்கிப் போகும் வீடு பழையது என்பதும் பாதி உண்மை: தார் ரோட்டின் மேல் தார் ரோடு போட்டு உயர்த்தியதில் ஐம்பது ஆண்டு வீடுகூடப் பள்ளத்தில் போயிருக்கிறது. நம்பத்தகுந்தது சுவர்களின் சேர்க்கை. பக்கத்து வீட்டுச் சுவரோடு பல்லுக்குப் பல் கோத்துக் கட்டியிருந்தால் இரண்டும் ஒரே காலம். வெறுமனே ஒட்டி நின்றால், எது எதன்மேல் சாய்கிறதோ அது பிந்தையது. ரேழியிலிருந்து கொல்லை வரை நடந்து இந்தச் சேர்க்கைகளை மட்டும் குறித்தாலே முதல் கட்டு முன்னதா இரண்டாம் கட்டு முன்னதா என்று தெரிந்துவிடும்.

தெருப்பெயர் சில சமயம் பத்திரத்தைவிட நன்றாகக் காலம் சொல்லும். மதுரையில் கலெக்டர் பிளாக்பர்ன் 1840களில் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவான தெருக்களில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையைச் செய்தவர்களின் பெயரையே தாங்கியிருக்கின்றன. அவற்றுக்கு அதற்கு முந்தைய வயது சாத்தியமே இல்லை. கும்பகோணம் பக்கத்துத் திருவிசநல்லூரை 1693இல் சகஜி மன்னர் நாற்பதுக்கும் மேற்பட்ட பண்டிதர்களுக்கு மானியமாகக் கொடுத்து சகஜிராஜபுரம் ஆக்கினார். அந்தப் பெயர் மானியத்தின் காலத்தைச் சொல்கிறது, அங்குள்ள சோழர் காலக் கோயில் அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. இப்படி ஆள் பெயரோ மன்னர் பெயரோ இருந்தால் நல்லது. தொழிலையும் சாதியையும் குறிக்கும் பெயர் அந்த மக்கள் எப்போதோ அங்கே இருந்தார்கள் என்பதற்கு மேல் சொல்லாது. பெயர் மாற்றங்களையும் கணக்கில் கொள்ளுங்கள்: 1970களின் இறுதியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பெயரை எடுத்தபோது பல தெருக்களின் பெயர் பாதியாகிவிட்டது. பதிவு அட்டவணையில் தேடும்போது பழைய முழுப் பெயரையும் கொடுக்காவிட்டால் ஒன்றும் அகப்படாது. நகராட்சித் தீர்மானப் புத்தகத்தில் பெயர் மாற்றத்தின் தேதி இருக்கும். இன்று மாநகராட்சிகளான கும்பகோணமும் தஞ்சாவூரும் 1866இல் நகராட்சிகளாகத் தொடங்கியவை; பழைய தீர்மானங்களும் வீட்டு வரிக் கேட்புப் பதிவேடுகளும் மிஞ்சியிருந்தால் சாக்கடை, தெருவிளக்கு, குழாய் எல்லாம் வந்த வரிசையை அங்கேயே எடுக்கலாம்.

பெரியவர்களிடம் கேட்கும்போது ‘எந்த வருஷம்’ என்று கேட்காதீர்கள், எதற்கு முன், எதற்குப் பின் என்று கேளுங்கள். கும்பகோணத்துக்காரர்களுக்கு மகாமகம் இருக்கிறது: 1933, 1945, 1956, 1968, 1980, 1992. ‘எதிர் வீடு மாடி கட்டினது எந்த மகாமகத்துக்கு முன்னாடி’ என்றால் பதில் திடமாக வரும். வெள்ளத்தைக் குறியாக வைத்தால் எந்த வெள்ளம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 1924 வெள்ளத்தைத் தாத்தா சொல்லக் கேட்டதையும் 1977 வெள்ளத்தைத் தானே பார்த்ததையும் ஒன்றாக்கிச் சொல்பவர்கள் உண்டு. ‘ஏழு தலைமுறையாக இங்கேதான்’ என்பதைத் தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு வைத்துப் பெருக்கினால் 175 முதல் 210 ஆண்டு வருகிறது. பெயர் சொல்ல முடிகிற தலைமுறைகளை மட்டும் எண்ணினால் பெரும்பாலும் ஐந்தோடு நின்றுவிடும்.

உங்கள் 400க்கு வருவோம். நான் சொன்ன வரிசையில் தேடினால் 1900 வரை வீட்டுவாரியாகவும், 1865 வரை இடைவெளிகளோடும் உறுதியாக எழுதிவிடலாம். 1800களின் தொடக்கம் வரை தெருவின் இருப்பைப் பற்றி நியாயமான ஊகம் செய்யலாம். அதற்கு அப்பால் தெரு, குறிப்பாக அந்தத் தெரு, இருந்தது என்று சொல்ல, நன்கொடை ஆண்டும் எல்லையும் சொல்லும் செப்பேடு, சனது, மோடி ஆவணம் ஆகியவற்றில் ஒன்றோ, தெருவையே பெயர் சொல்லிக் குறிக்கும் நாயக்கர் காலக் கல்வெட்டோ வேண்டும். சனதைக் காட்டியதாக இனாம் பதிவேட்டில் குறிப்பு இருந்தாலும் ஏற்கலாம். அப்படி ஒன்று கிடைக்காதவரை ‘நாயக்கர் காலத்திலிருந்து இருப்பதாகத் தெருவாசிகள் சொல்கிறார்கள், தெருவைக் குறிக்கும் கிடைத்த முதல் பதிவு இன்ன ஆண்டு’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எழும்பூருக்குப் போகும்முன் பழைய சர்வே எண்ணும், 1860களில் ஊர் எந்தத் தாலுகாவில் இருந்தது என்பதும் கையில் இருக்கட்டும். அவை இல்லாமல் இனாம் பதிவேட்டைத் திறக்கவே முடியாது.